வாழைக்கறை

ஸ்ரீரங்கம்
17.1.2025

அன்புள்ள கயல்,

காணும் பொங்கல் ராத்திரி நீ கூப்பிட்டபோது வீட்டில் ஒரே சத்தம். "சித்தி, என் கட்சிக்காரர் லுங்கியில கே.எம். டெஸ்ட் பாசிட்டிவ்னா ரத்தம்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "அப்ப ரத்தம் இல்லையா?" என்றாய். அதுவும் இல்லை என்றேன். நீ சிரித்துவிட்டாய். உன் சீனியரிடம் போய் இப்படிச் சொன்னால் அவர் சிரிக்கமாட்டார். அதனால்தான் போனில் வேண்டாம், எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால், பேச்சுவாக்கில் விட்டுவிடக்கூடிய ஒன்றையும் சேர்த்துச் சொல்லித்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது. அதை உங்கம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

முதலில் உன் கேள்வி. கே.எம். என்றால் கேஸ்டில்-மேயர். 1901இல் கேஸ்டில் என்ற அமெரிக்க வேதியியலாளர் தொடங்கிவைத்தார், 1903இல் மேயர் மெருகேற்றினார். பிளஸ் டூ லேபில் டைட்ரேஷனுக்கு ஊற்றுவாயே பினாப்தலீன், காரத்தில் ரோஸ் ஆகுமே, அதேதான். அதில் துத்தநாகத் தூளைப் போட்டு காரக் கரைசலில் கொதிக்கவைத்தால் நிறம் போய் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர ஆக்சிஜன் வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஆக்சிஜன் இருக்கிறது, ஆனால் லேசில் கையை விட்டுத் தராது. இரண்டுக்கும் நடுவில் தரகர் ஒருவர் வந்து நின்றால் பேரம் ஒரு நொடியில் முடிந்துவிடும். ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்குள் இரும்பை வைத்துக்கொண்டிருக்கும் 'ஹீம்' அந்தத் தரகர். ரோஸ் நிறம் வந்தால் தரகர் ஒருவர் இருக்கிறார் என்று தெரியும். அவர் பெயர் என்ன என்று அந்த நிறம் சொல்லாது.

தரகு வேலை தெரிந்தவர்கள் வேறேயும் இருக்கிறார்கள். செம்பு உப்பு செய்யும். முள்ளங்கி, உருளைக்கிழங்கு, இன்னும் எத்தனையோ செடிகொடிகளின் சாற்றில் பெராக்சிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அது வெகு கச்சிதமாகச் செய்யும். பிளீச்சிங் பவுடருக்குத் தரகரே வேண்டாம், நேராக வந்து நிறத்தைக் கொடுத்துவிடும்.

அதனால்தான் சொட்டுவிடும் வரிசை முக்கியம். கறையை ஈரப் பஞ்சிலோ வடிதாளிலோ ஒற்றி எடுப்போம். அதில் ஒரு சொட்டு ஆல்கஹால். பிறகு நிறம் போன பினாப்தலீன் ஒரு சொட்டு. இங்கே கையை நிறுத்திப் பார்க்க வேண்டும். பெராக்சைடு விடுவதற்கு முன்பே ரோஸ் வந்துவிட்டால் அது ரத்தத்தின் வேலை இல்லை, வேறு ஏதோ ரசாயனம். நிறம் வரவில்லை என்றால்தான் மூன்றாவது சொட்டு, பெராக்சைடு. ரத்தமாக இருந்தால் நீ கண்ணை மூடித் திறப்பதற்குள் அழகான ரோஸ் வரும். பத்துப் பதினைந்து நொடி தாண்டி மெல்ல எட்டிப்பார்க்கும் நிறத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது, ஏனென்றால் காற்றுப் பட்டுக்கொண்டிருந்தாலே இந்தத் திரவம் ரோஸ் ஆகிவிடும். எங்கள் தடயவியல் லேபில் மாலை குப்பைக்கூடையில் போட்ட பஞ்செல்லாம் காலையில் ரோஸாகக் கிடக்கும், வெறும் தண்ணீரைத் தொட்டதும் சேர்த்து. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு அந்தக் கூடையைத்தான் முதல் பாடமாகக் காட்டுவேன்.

அப்படியானால் இது எதற்கு என்று கேட்பாய். ஒரு கொலைக் கேசில் முப்பது நாற்பது உருப்படி வரும். சட்டை, லுங்கி, பாய், சிமெண்ட் பெயர்த்த துண்டு, அரிவாள், கட்டில் கயிறு. எல்லாவற்றிலும் பழுப்பாக ஏதோ ஒன்று ஒட்டியிருக்கும். வெற்றிலைச் சாறு, துரு, பெயிண்ட், குழம்பு, கூடவே ரத்தமும் இருக்கலாம். எதை எடுத்து மேலே சோதிப்பது, எதை விட்டுவிடுவது என்று பிரித்துத் தருவதற்கு இதைப்போல் ஒரு சல்லடை கிடையாது. ஒன்றுக்கு 10,000 என்று நீர்த்துப்போன ரத்தத்தைக்கூடக் காட்டிக்கொடுக்கும். 'இல்லை' என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். 'ஆம்' என்று சொன்னால் அடுத்த மேசைக்கு அனுப்ப வேண்டும். அங்கேதான் தகயாமா சோதனை. கறையைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மருந்து விட்டுச் சூடு காட்டினால், ஹீம் இருந்தால் மைக்ராஸ்கோப்பில் ரோஸ் ஊசிகளாகப் படிகம் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் 'ரத்தம்' என்று எழுதலாம். மனித ரத்தமா ஆட்டு ரத்தமா என்பது அதற்கும் அடுத்த மேசை, செரலாஜி.

இப்போது, நான் சொல்லாமல் வைத்திருந்தது.

1984இல் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது இந்த முதல் சோதனைக்குப் பென்சிடின் என்ற மருந்துதான், ரோஸ் இல்லை, நீலம். புற்றுநோய் வரவழைக்கும் என்று அதைப் பிறகு ஒதுக்கினார்கள். நாங்கள் அதைக் கையுறை இல்லாமல் எடைபோட்டோம், அது தனிக் கதை. சேர்ந்து எட்டு மாதம் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், தொட்டியம் பக்கத்திலிருந்து ஒரு கேஸ். ஒரு வேட்டி, அதில் முழங்கால் உயரத்தில் கரும்பழுப்பாகத் தெறித்த கறை. பார்சல் கொண்டுவந்த ஏட்டு ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டும் என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் அவசரத்தில் வரிசையெல்லாம் பார்க்காமல் மருந்தையும் பெராக்சைடையும் ஒன்றாக விட்டேன். பளிச்சென்று நீலம். ரசீதில் கையெழுத்துப் போட வெளியே வந்தபோது அவர், "என்னம்மா, ரத்தந்தானே?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதிக் கொடுக்கவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

திங்கட்கிழமை என் மேலதிகாரி அம்மா தகயாமா போட்டுப் பார்த்தார். ஒரு ஊசிகூட இல்லை. வேட்டியை மோந்து பார்த்தார், விரலால் தேய்த்துப் பார்த்தார், "உங்க வீட்டுல வாழைக்காய் நறுக்கினதே இல்லையா?" என்று என்னைக் கேட்டார். பிறகு கறைத் துண்டொன்றை எடுத்துக் கொதிநீர்ச் சூட்டில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடியும் மருந்து விடச் சொன்னார். நீலம் வரவே இல்லை. செடியின் நொதி சூட்டில் செத்துப்போகும், ரத்தத்தின் ஹீம் அசையாது. அவ்வளவு எளிய வித்தை. வேட்டியில் இருந்தது வாழைக்கறை. தார் வெட்டுகிறவன் வேட்டியில் வேறு என்ன இருக்கும்?

'ரத்தம் இல்லை' என்று முறைப்படி ரிப்போர்ட் போயிற்று. பிறகு வேறொரு பார்சலோடு அதே ஏட்டு வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அன்னைக்கு நீங்க சொன்னது நல்லதாப் போச்சும்மா. ராத்திரியே அவன்கிட்ட கேட்டோம், ஒத்துக்கிட்டான்." அந்த ஆள் முதலிலிருந்தே வாழைக்கறை, வாழைக்கறை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தானாம். எப்படிக் கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேஸ் என்ன ஆயிற்று என்றும் தெரியாது. எங்களுக்கு ஆட்கள் கிடையாது, நம்பர்தான். அவன் முகம் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. வாழைக்காய் நறுக்கும்போதெல்லாம் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நான் ஏன் அவ்வளவு தேய்த்துக் கழுவுகிறேன் என்று உங்கம்மா கேலி செய்வாளே, காரணம் இதுதான்.

கறைக்குச் சாக்கு சொல்கிறவனெல்லாம் உண்மை சொல்கிறான் என்று நினைத்துவிடாதே. ஜெர்மனியில் லுட்விக் டெஸ்னோ என்று ஒரு தச்சன். 1898இல் லெக்டிங்கன் கிராமத்தில் இரண்டு சிறுமிகள் கொலையானபோது அவன் உடையில் கறை இருந்தது. மரத்துக்கு அடிக்கும் சாயம் என்றான். அதை மறுத்துக் காட்ட முடியாமல் விட்டுவிட்டார்கள். 1901இல் ரூகன் தீவில் இரண்டு சிறுவர்கள். அப்போதும் அதே மரச்சாயக் கதை. ஆனால் அந்த வருஷம்தான் பால் ஊலன்ஹுத் என்பவர் மனித ரத்தத்தையும் மிருக ரத்தத்தையும் பிரித்துக் காட்டும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். துணியை அவரிடம் அனுப்பினார்கள். மனித ரத்தமும் இருந்தது, செம்மறி ஆட்டு ரத்தமும் இருந்தது. கொஞ்ச நாள் முன்பு அந்தத் தீவில் ஆடுகளைக் கிழித்துப் போட்டவனும் அவன்தான். தொட்டியத்துக்காரன் சொன்னதும் தச்சன் சொன்னதும் ஒரே மாதிரி வாக்கியம்தான், பார்த்துக்கொள்.

ஒரு தலையாட்டல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் சேம்பர்லேன் வழக்கைப் படி. நான் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன், படித்த அன்று தூங்கவில்லை. மைக்கேல் என்ற பாதிரியார், அவர் மனைவி லிண்டி, இரண்டு பையன்கள், ஒன்பது வாரக் குழந்தை அசாரியா. 1980 ஆகஸ்ட் 17 அன்று நாட்டின் நடுவிலுள்ள உலுரு பாறையருகே கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். இரவில் குழந்தையைக் காணோம். டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிப்போய்விட்டது என்று தாய் கத்தினாள். முதல் விசாரணையில் மரண விசாரணை அதிகாரி அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டார். ஆனால் ஊர் ஏற்கவில்லை. டிவியில் அவள் போதுமான அளவு அழவில்லை என்றார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவள் எப்படி அழவேண்டும் என்று ஊருக்கு ஒரு கணக்கு இருக்குமே, எந்த ஊராக இருந்தாலும்.

பிறகு அவர்களுடைய காரைச் சோதனைக்கு எடுத்தார்கள். ஆர்த்தோ-டாலிடின் என்று ஒரு மருந்து, பென்சிடினுக்குத் தங்கை முறை. காருக்குள் இங்கேயும் அங்கேயும் நிறம் காட்டியது. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு இடத்தில் பீறிட்டுத் தெறித்தது போலவே ஒரு தடம். அடுத்து, பச்சிளம் குழந்தைகளின் ரத்தத்தில் மிகுந்திருக்கும் கருக்கால ஹீமோகுளோபினுக்கான எதிர்ச்சீரம் போட்டார்கள், அதுவும் 'ஆம்' என்றது. கத்தரிக்கோலால் காருக்குள் வைத்துக் கழுத்தை அறுத்தாள் என்பது அரசுத் தரப்பு. பிணம் இல்லை, காரணம் இல்லை, பார்த்தவர் இல்லை. 1982 அக்டோபர் 29 அன்று டார்வினில் ஆயுள் தண்டனை. அப்போது அவள் நிறைமாதக் கர்ப்பிணி, அடுத்த மாதம் காவலில் இருந்தபடியே பெண் குழந்தை பெற்றாள். அப்பீல் இரண்டு முறை தள்ளுபடி.

1986 பிப்ரவரியில், பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒரு சுற்றுலாப் பயணியைத் தேடிப் போனவர்கள் கண்ணில், டிங்கோக்கள் உலவும் இடத்தில் மண்ணில் பாதி புதைந்த ஒரு குட்டிச் சட்டை பட்டது. குழந்தை போட்டிருந்ததாகத் தாய் சொல்லிச் சொல்லி யாரும் நம்பாத சட்டை. அவளை விடுவித்தார்கள். நீதிபதி டிரெவர் மோர்லிங் தலைமையில் ஆணையம் அமைத்து எல்லாவற்றையும் மறுபடி கிளறினார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே தெறித்திருந்தது என்ன தெரியுமா? கார் கம்பெனியில் சத்தம் குறைவதற்காக அடிக்கும் தார்க் கலவை. அதே மாடல் மற்ற வண்டிகளிலும் அதே தடம் இருந்தது. அந்தக் குடும்பம் குடியிருந்த மவுண்ட் ஐசா ஒரு செம்புச் சுரங்க ஊர். செம்புத் தூசி பட்டாலும் ஆர்த்தோ-டாலிடின் நிறம் மாறும். எதிர்ச்சீரமும் நம்பும்படியாக இல்லை, பெரியவர்களின் ரத்தத்தோடும் வினைபுரியக்கூடியது என்று தெரிந்தது. சரி, பழைய சோதனைத் தட்டுகளை எடுத்துப் பார்க்கலாம் என்றால் தட்டுகள் இல்லை. முடிந்ததும் எறிந்துவிடுவது அந்த லேபின் வழக்கமாம். 1988 செப்டம்பரில் தண்டனை ரத்து. டிங்கோதான் கொன்றது என்று மரண விசாரணை அதிகாரி எழுதியது 2012 ஜூனில். முப்பத்திரண்டு வருஷம்.

அங்கே யாரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மேசையில் 'இருக்கலாம்' என்று இருந்தது ரிப்போர்ட்டில் 'இருக்கிறது' ஆயிற்று, வக்கீல் வாயில் 'பீறிட்டது' ஆயிற்று, பத்திரிகையில் 'கழுத்தை அறுத்தாள்' ஆயிற்று. ஒவ்வொருவரும் ஒரு தலையாட்டல் அளவுக்குத்தான் சேர்த்திருப்பார்கள்.

நீ பார்க்கும் சீரியலில் இருட்டறையில் லுமினால் அடித்து நீலமாக ஒளிர்ந்ததும் துப்பறிகிறவர் திரும்பிப் பார்த்து முறைப்பாரே, அதையும் இதே கணக்கில் சேர். 1937இல் ஜெர்மனியில் வால்டர் ஸ்பெக்ட் அதைத் தடய வேலைக்குக் கொண்டுவந்தார். கழுவித் துடைத்த தரையில்கூட ரத்தம் சிந்திய இடத்தைக் காட்டும். பிளீச்சிங் போட்டுக் கழுவிய குளியலறையையும் அப்படியே காட்டும். ஷெர்லாக் ஹோம்ஸ் 1887இல் முதல் கதையில் அறிமுகமாகும்போதே, ரத்தத்துக்குத் தவறாத சோதனையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டுதான் வருவார். அவருக்கென்ன, கதைக்குள் இருக்கிறார்.

இனி போக்சோ, பாலியல் வழக்குகள் உன் கைக்கு வரும், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். விந்துக்கு முதல்கட்டமாக ஆசிட் பாஸ்படேஸ் பார்ப்போம். இரண்டு நிமிடத்துக்குள் ஊதா வந்தால் மேலே போகலாம். இந்த நொதி விந்தில் மிக அதிகம், ஆனால் பெண்ணின் உடலிலும் இயல்பாகவே கொஞ்சம் உண்டு. அதனால் ஊதாவை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மைக்ராஸ்கோப்பில் விந்தணுவைப் பார்க்க வேண்டும், அல்லது பி.எஸ்.ஏ. என்ற புரதத்தைப் பார்க்க வேண்டும். இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகக் கோபம் தருவது. 'விந்து காணப்படவில்லை' என்று நாங்கள் எழுதினால், கோர்ட்டில் அதை 'ஒன்றும் நடக்கவில்லை' என்று படிக்கிறார்கள். குளித்திருப்பாள், துணியைத் துவைத்திருப்பாள், நாலைந்து நாள் கழித்துத்தான் வீட்டில் சொல்லியிருப்பாள், அவன் ஆணுறை போட்டிருப்பான். பல செயல்களில் விந்துக்கே வேலை இல்லை. நீ எந்தப் பக்கம் நின்றாலும் சரி, அந்த வரியை அப்படிப் படிக்காதே. எச்சிலுக்கு அமைலேஸ் பார்ப்பார்கள், அது தாய்ப்பாலிலும் உண்டு, வியர்வையிலும் உண்டு. சிறுநீருக்கு யூரியா, கிரியாட்டினின். எல்லாம் அதே ஜாதிதான்.

இப்போது உன் கட்சிக்காரரின் லுங்கிக்கு வருவோம். நீ போனில் படித்தது ஒரே ஒரு வரி. பயாலஜி ரிப்போர்ட்டில் அதற்குக் கீழே உறுதிச் சோதனை என்று ஏதாவது இருக்கிறதா பார். செரலாஜி ரிப்போர்ட் தனியாக வந்திருக்கும், அதில் அந்த உருப்படி நம்பருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது? மனித ரத்தம் என்றா, முடிவு தெரியவில்லை என்றா, அல்லது அந்த நம்பரே இல்லையா? கறை இல்லாத பகுதியிலிருந்தும் ஒரு துண்டு வெட்டிச் சோதித்தார்களா? மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்த ரத்தத்தில் போட்டுப் பார்த்த குறிப்பு ஒர்க்ஷீட்டில் உண்டா? சோதனைக்கு எடுத்ததுபோக மிச்சக் கறை இருக்கிறதா? எங்கள் ரிப்போர்ட்டை ஆளைக் கூப்பிடாமலே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293, இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். 329, சொல்கிறது. அதனால் முக்கால்வாசிப் பேர் எங்களைக் கூண்டில் ஏற்றுவதே இல்லை. கோர்ட் நினைத்தால் வரவழைக்கலாம். மனு போடு. வருகிற பெண்ணை மிரட்டாதே, அவள் மேசையில் அன்றைக்கு நாற்பது பார்சல் இருந்திருக்கும். "நீங்கள் பார்த்தது நிறமா, ரத்தமா?" என்று மட்டும் கேள். நல்ல அனலிஸ்டாக இருந்தால் அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பாள்.

அது ரத்தமாகவே இருந்துவிடலாம், கயல். அதற்கும் மனசைத் தயார் செய்து வைத்துக்கொள். உன் ஆள் டெஸ்னோவா தொட்டியத்துக்காரனா என்று எனக்கு இங்கிருந்து தெரியாது.

இரண்டு ரிப்போர்ட்டையும் எல்லாப் பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக் கூரியரில் அனுப்பு. வாட்ஸ்அப்பில் வேண்டாம், இந்தக் கண்ணுக்கு அந்தச் சின்ன எழுத்து பிடிபடாது. அப்படியே உன் கட்சிக்காரருக்கு என்ன தொழில் என்று கேட்டு எழுது. போனில் அதைச் சொல்ல மறந்துவிட்டாய்.

அன்புடன்,
சித்தி